எண்ணெய் கருகும் வாடை: பாட்டில் மருந்தா, புது கேஸ்கட்டா?

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்ற அரை நிமிடத்தில் ஏசி வழியாக எண்ணெய் கருகும் வாடை மூக்கில் ஏறும். வெளிக்காற்று உள்ளே வரும் வழி முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் பின் ஓரத்தில் இருக்கிறது. ஓட்டத்தில் காற்று புகையை அடித்துக்கொண்டு போய்விடும், நின்றால் அது நேராக உள்ளே வந்துவிடும். என் காரில் இப்படித்தான் ஆரம்பித்தது. ஆயிலோடு ஊற்றுகிற கசிவு அடைப்பான் பாட்டில் ஒரு வழி, டேப்பெட் கவர் என்கிற இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான கேஸ்கட்டை மாற்றுவது இன்னொரு வழி. நான் முதலில் பாட்டிலை ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் கேஸ்கட்டுக்குப் போனேன். இப்போது யாராவது கேட்டால் நேராகக் கேஸ்கட்டுக்கே போகச் சொல்வேன்.

அதற்கு முன்னால் எளிய காரணங்களைப் பார்த்துவிடுங்கள். ஆயில் மாற்றிய ஓரிரு நாளில் வாடை வந்தால் ஊற்றும்போது சிந்தியிருக்கும், அல்லது ஆயில் ஊற்றும் வாயின் மூடி சரியாக இறுகியிருக்காது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, புது ஃபில்டர் அதன் மேலேயே ஏறியிருந்தாலும் ஆயில் கொட்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் இன்ஜினுக்குள்ளேயே எரிகிறது, அது பிஸ்டன் ரிங், வால்வ் சீல் சமாச்சாரம்.

இது எதுவும் இல்லையென்றால் ஆறின இன்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆயில் கீழே வழிவதால் நனைந்திருக்கிற மிக உயரமான இடம்தான் மூலம். என் காரில் கவரின் பின் மூலையில் ஒரு சொட்டு திரண்டு நின்றது, அதன் நேர் கீழே, எரிந்த புகையை இன்ஜினிலிருந்து சைலன்சர் பக்கம் கொண்டுபோகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் தகட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு காய்ந்து கிடந்தது. மேனிஃபோல்ட் பல நூறு டிகிரி சூடாகும். அங்கே விழுகிற எண்ணெய் வாடையோடு நிற்கும் என்று சொல்ல முடியாது, தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. அதனால் ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்பிக்கொண்டே ஓட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. வெளியே சிலிக்கான் பூசுவதும் அப்படித்தான், எண்ணெய் படிந்த பரப்பில் அது பிடிக்காது.

சரி, பாட்டில். இறுகிப்போன ரப்பரை மென்மையாக்கி லேசாக உப்ப வைக்கிற திரவம் அது, சில நூறு கிலோமீட்டர் ஓடினால்தான் பலன் தெரியும். எனக்கு வாடை குறையத்தான் செய்தது, தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒரு நீண்ட பயணம் முடிந்து வண்டியை நிறுத்தியதும் அதே வாடை. கவரைக் கழற்றியபோது காரணம் கையிலேயே கிடைத்தது: கேஸ்கட் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகி, எடுக்க எடுக்கத் துண்டு துண்டாக ஒடிந்தது. ரப்பர் கொஞ்சம் உயிரோடு இருந்தால் பாட்டில் உதவலாம், ஒடிந்ததை அது ஒட்ட வைக்காது. கசிவு கிராங்க் ஷாஃப்ட் என்கிற இன்ஜினின் சுழலும் தண்டின் பின்பக்க சீலில் என்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும், அங்கே பாட்டிலை முதலில் முயன்று பார்ப்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வேலை என் வண்டிக்கு வந்ததில்லை, அனுபவத்தில் சொல்லவில்லை.

கேஸ்கட் மாற்றுவதை நான் இவ்வளவு வற்புறுத்துவது அந்த ரப்பர் வளையத்துக்காக மட்டும் இல்லை, கவரைத் திறந்தால்தான் கசிவு ஏன் வந்தது என்று தெரியும். இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்றுகிற பிசிவி வால்வ் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் நலிந்திருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைப் பிதுக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் பாட்டிலும் தோற்கும், புது கேஸ்கட்டும் சீக்கிரம் தோற்கும். பெட்ரோல் இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து ஒரு தாளை அதன்மேல் வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுபட வேண்டும், வெளியே தள்ளினால் பிசிவியைப் பாருங்கள். என்னுடையதில் தாள் படபடவென்று தூக்கியடித்தது. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் கலகலவென்ற சத்தமே இல்லை, உள்ளே கசடு இறுகியிருந்தது. கேஸ்கட்டோடு அதையும் மாற்றினேன். ஸ்பார்க் பிளக் குழியில் ஆயில் தேங்கியிருக்கிறதா, கவரில் விரிசல் உண்டா என்பதும் அந்தச் சமயத்திலேயே தெரிந்துவிடும், சில கார்களில் பிசிவி கவரோடு சேர்ந்தே வரும், அப்போது கவரையே மாற்ற வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று இரண்டு விஷயம் பாருங்கள். கேஸ்கட் உட்காரும் பரப்பில் பழைய ரப்பரோ எண்ணெயோ ஒட்டியிருக்கக் கூடாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பல கார்களில் அளவு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், கை பலத்தைக் காட்டினால் கவர் வளைந்து மறுபடியும் கசியும்.

மாற்றின பிறகும் இரண்டு மூன்று நாள் வாடை வரும், மேனிஃபோல்டில் ஏற்கெனவே படிந்தது எரிந்து தீர வேண்டும் இல்லையா. ஒரு வாரம் கழித்து அந்தப் பின் மூலையில் வெள்ளைத் தாளை வைத்துத் துடைத்துப் பார்த்தேன், தூசி மட்டும்தான் ஒட்டியது.