கடேனா சாலையோர நிலையம், ஒகினாவா: மேல்மாடியோடு திரும்பிவிடாதீர்கள்

ஒகினாவா போகிறவர்கள் மீன் காட்சியகம், கடற்கரை, ஷூரி கோட்டை என்று பட்டியல் போட்டுக்கொண்டு போவார்கள். கடேனா ஊரின் 'மிச்சி நோ எகி'யையும் அதில் சேருங்கள். காரில் போகிறவர்கள் நிறுத்தி இளைப்பாற ஜப்பான் முழுக்க இப்படி நிலையங்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவின் மிகப்பெரிய வெளிநாட்டு விமானத் தளங்களில் ஒன்றை மொட்டைமாடியிலிருந்து காட்டும் நிலையம் இது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நாஹா விமான நிலையத்திலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மேலே ஏறினால் சாலைக்கு அந்தப்புறம் முழுவதும் தளம்தான். ஒவ்வொன்றும் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள். வானிலேயே எரிபொருள் நிரப்பும் கேசி-135, கடலைக் கண்காணிக்கும் பி-8 எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும். நீள லென்ஸோடு விமான ரசிகர்கள் வரிசையாக நிற்கிறார்கள். நாங்கள் போன நேரம் இரண்டு போர் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழவில்லை, நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நமக்கு அது சில நிமிடம். இங்கே இரவிலும் அதைக் கேட்டு வாழ்கிறவர்கள் 1982 முதல் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2022-ல் தொடுத்த நான்காவது வழக்கில் 35,000-க்கும் அதிகமானோர் சேர்ந்திருக்கிறார்கள். நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுக்கச் சொன்னதுண்டு. விமானங்களை நிறுத்தச் சொன்னதில்லை.

பலர் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து கீழ் மாடியிலுள்ள கண்காட்சி அறையைப் பாருங்கள். அதுவும் இலவசம். ஊரின் நிலத்தில் சுமார் 82 சதவீதம் தளத்துக்குள் இருக்கிறது. மிச்சமிருக்கும் துண்டு நிலத்தில்தான் வீடு, பள்ளி, சந்தை எல்லாம். இங்கே முதல் ஓடுபாதையைப் போட்டது ஜப்பான் ராணுவம், 1944-ல். 1945 ஏப்ரல் 1 அன்று கரையிறங்கிய அமெரிக்கப் படை அன்றைக்கே அதைப் பிடித்தது, அப்புறம் விரித்துக்கொண்டே போனது. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்த ஒருவரோடு போனால் அறையின் பலன் இரட்டிப்பாகும்.

ஏன் இந்தத் தீவு? எல்லோரும் வரைபடத்தைக் காட்டுவார்கள். தைபே சுமார் 650 கிலோமீட்டர், சியோலும் மணிலாவும் 1,500 கிலோமீட்டருக்குள். கொரியா, தைவான், தென்சீனக் கடல் எங்கே சண்டை வந்தாலும் இங்கிருந்து சில மணி நேரத்தில் போய்விடலாம். அது உண்மைதான். ஆனால் அதோடு விட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

1950-களில், கடல்வழியே போய்க் கரையிறங்கிச் சண்டைபோடும் அமெரிக்க மரைன் படையின் பெரும் பிரிவு ஜப்பானின் பெருந்தீவில், கிஃபு, யமானாஷி மாவட்டங்களில் இருந்தது. அதே பெருந்தீவிலுள்ள உச்சினாடாவிலும் சுனகாவாவிலும் விவசாயிகளும் மாணவர்களும் தளங்களை எதிர்த்துக் கிளம்பியபோது டோக்கியோ அரசுக்குத் தலைவலி. மரைன்கள் ஒகினாவாவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒகினாவா அப்போது அமெரிக்க ஆட்சியில் இருந்தது. 1972-ல்தான் அது ஜப்பானிடம் திரும்பியது. போர் முடிந்ததிலிருந்து 1970 வரை ஜப்பான் நாடாளுமன்றத்தில் ஒகினாவாவின் குரலாக ஒருவர்கூட இல்லை. வாக்குச் சீட்டு இல்லாதவன் வீட்டு வாசலில் தளத்தை வைப்பது இரு அரசுகளுக்குமே வசதியாக இருந்தது. இன்று ஜப்பான் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள இந்த மாவட்டம், அமெரிக்கப் படை தனக்கென வைத்திருக்கும் தள நிலத்தில் சுமார் 70 சதவீதத்தைச் சுமக்கிறது. தூரத்தை மட்டும் வைத்து இந்த விகிதத்தை விளக்கவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பணக் கணக்கும் உண்டு. நிலத்துக்கு அமெரிக்கா வாடகை தருவதில்லை, ஜப்பான் அரசே உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. அது போக, தளங்களின் செலவில் பங்காக 2022 முதல் 2026 வரை ஆண்டுக்குச் சுமார் 21,000 கோடி யென். வேறெங்கும் இவ்வளவு சலுகையாக இடம் கிடைப்பது அபூர்வம். கிடைத்ததை வாஷிங்டன் எளிதில் விடுமா?

என்னோடு வந்த அலுவலகத் தோழி பக்கத்து ஊர்க்காரர். அவருடைய பாட்டியின் வயல் வேலிக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. வாடகை ஒழுங்காக வருகிறதாம். அதை வாங்குவதா, எதிர்ப்பதா என்று வீட்டில் அண்ணன் தம்பிகளுக்குள் இன்னமும் பேச்சு முறிகிறது என்றார். குடும்பக் கல்லறையும் உள்ளேதான். வசந்தத்தில் முன்னோருக்குப் படையல் வைக்கும் ஷீமி நாளில் அனுமதி வாங்கித்தான் போகிறார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவே இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

கண்காட்சியில் ஒரு சின்னக் குறை சொல்லலாம். ஊர் பட்ட பாடு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. தளத்தை இங்கே கொண்டுவந்த அரசியலுக்கு இன்னும் கூடுதல் இடம் கொடுத்திருந்தால், வெளியூர்க்காரர்களுக்கு நிறையப் புரிந்திருக்கும்.

தரைத்தளக் கடைகள் பரவாயில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரங்களை வாங்குங்கள். 1605-ல் சீனாவிலிருந்து அந்தக் கிழங்கைக் கொண்டுவந்த நோகுனி சோகன் இந்த ஊர்க்காரர்.

விமானம் பார்க்கவேண்டுமானால் வார நாளில் பகலில் போங்கள், வார இறுதியில் பறப்பது குறைவு. குழந்தைகளுக்குக் காது அடைப்பான் அவசியம். நேரமிருந்தால் அப்படியே தெற்கே கினோவானில் ககாசு மேட்டுப் பூங்காவுக்கும் போய்விடுங்கள். அங்கிருந்து ஃபுடென்மா தளம் தெரியும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் திருப்பித் தருவதாக 1996-ல் அமெரிக்கா ஒப்புக்கொண்ட தளம் அது. வேலியை ஒட்டி வீடுகளும் பள்ளிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்தத் தளத்துக்குப் பதிலாக ஒகினாவாவின் வடக்கே ஹெனோகோவில் கடலை நிரப்பிப் புதிய தளம் கட்டுவதை 2019 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் சுமார் 72 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கட்டுமானம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.