காலேஜ் ஐயரா மட்டும் இருக்கணுமா, ப்ரொஃபசராவும் இருக்கணுமா?

சேப்ளின்னா சார்லி சாப்ளின் இல்லைங்க, காலேஜ் சேப்பல்ல ஆராதனை நடத்துற போதகர், நம்ம சிஎஸ்ஐ ஆளுங்க ஐயர்னு கூப்பிடுவாங்களே அவரேதான். அமெரிக்கால சில யுனிவர்சிட்டில இவரே மதப் பாடம் எடுக்குற ப்ரொஃபசராவும் இருப்பார், சில இடத்துல வெறும் சேப்ளின் மட்டும். எது தேவலைன்னு கேட்டா நான் ரெண்டு பேரை எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுதான் பாப்பேன்.

ஏல் யுனிவர்சிட்டில வில்லியம் ஸ்லோன் கோஃபின், 1958ல இருந்து 1975 வரை சேப்ளின். மனுஷன் அதுக்கு முன்னாடி அமெரிக்க உளவு அமைப்பு சிஐஏல வேலை பாத்தவர்னா நம்புவீங்களா. 1961ல பஸ்ல கறுப்பர் வெள்ளையர்னு பிரிச்சு வைக்கிறதை எதிர்த்து ஃப்ரீடம் ரைட்னு ஒரு பஸ் போராட்டம், அதுல போய் மாண்ட்காமரில கைதானார், 1967ல வியட்நாம் போருக்கு போகமாட்டோம்னு பசங்க திருப்பிக் கொடுத்த டிராஃப்ட் கார்டையெல்லாம் (ராணுவத்துக்கு ஆள் எடுக்க கொடுக்குற கார்டு) வாஷிங்டனுக்கே கொண்டுபோய் கொடுக்க, குழந்தை வளர்ப்பு புத்தகம் எழுதின டாக்டர் ஸ்பாக்கோட சேர்த்து இவர் மேலயும் கேஸ், 1968ல தண்டனை, அடுத்த வருஷம் அப்பீல்ல ரத்து. பழைய மாணவர்கள் கொதிச்சுட்டாங்க. ஏல் பிரசிடென்ட் கிங்மன் ப்ரூஸ்டருக்கும் இவர் போன வழி பிடிக்கலதான், ஆனா ஆளை விட்டுக்கொடுக்கல. சரி, ப்ரூஸ்டர் இடத்துல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்திருந்தா? பிடிச்சுக்க ஒரு ப்ரொஃபசர் போஸ்ட் கூட இல்லையே.

ஹார்வர்டுல பீட்டர் கோம்ஸுக்கு அது இருந்துச்சு. 1974ல மெமோரியல் சர்ச் போதகர், கூடவே கிறிஸ்தவ ஒழுக்கவியல் ப்ரொஃபசர், 2011ல சாகுற வரைக்கும் அதே இடம், 37 வருஷம். கறுப்பர், பாப்டிஸ்ட், அதுக்கும் மேல ரொம்ப வருஷம் ரிபப்ளிகன் கட்சிக்காரர், ரீகன் ரெண்டாவது தடவ பதவியேத்தப்போ ஜெபம் பண்ணவர். 1991ல ஒரு மாணவர் பத்திரிகை ஓரினச்சேர்க்கையாளர்களை தாக்கி எழுதினப்போ இவர் கூட்டத்துல எழுந்து தானும் கே தான்னு சொல்லிட்டார், ராஜினாமா பண்ணுன்னு சில பேர் கிளம்பினாங்க, அசையல. அதோட நிக்காம பைபிளை எப்படி படிக்கணும்னு 1996ல புத்தகமே போட்டார், அது பெஸ்ட்செல்லர். சேப்பல்ல இருபது நிமிஷத்துல சொல்லிட்டு போறதை கிளாஸ்ல ஒரு செமஸ்டர் முழுக்க வரிவரியா பிரிச்சு மேயலாம், அந்த வசதி கோஃபினுக்கு இல்ல.

அப்போ கோம்ஸ்தான் ஜெயிச்சார்னு முடிச்சிருப்பேன், ஹவர்ட் தர்மன் குறுக்க வராம இருந்தா. இவரும் கறுப்பின போதகர், 1930கள்ல ஹோவர்டு யுனிவர்சிட்டில (ஹார்வர்டு இல்ல, இது வாஷிங்டன்ல கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கிற இடம்) ரெண்டு வேலையும் பாத்தவர். 1935ல கொழும்புக்கு வந்தார், அங்க சட்டக் கல்லூரில ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டார், உங்க ஜனத்தை அடிமையா பிடிச்சு வித்தவங்களே கிறிஸ்தவங்க, நீ எப்படிப்பா அந்த மதத்துல இருக்கன்னு. அப்புறம் இந்தியா, 1936ல பர்தோலில காந்தியோட பேச்சு. 1944ல நல்ல வேலையை உதறிட்டு எல்லா இனத்தாரும் சேர்ந்து கும்புடுற சர்ச் ஆரம்பிக்க சான் ஃபிரான்சிஸ்கோ போயிட்டார், 1953ல மறுபடி பாஸ்டன் யுனிவர்சிட்டில டீன், ப்ரொஃபசர். அதாவது போஸ்ட்டை கெட்டியா பிடிச்சுக்கல, தேவைப்பட்டப்போ விட்டார், வேணும்னப்போ திரும்ப ஏத்துக்கிட்டார்.

யுனிவர்சிட்டி நடத்துறது நானா இருந்தா கோம்ஸோட ரெட்டைப் பதவியைத்தான் வைப்பேன், எவன் பிரசிடென்டா வந்தாலும் கை வைக்க யோசிப்பான். ஆனா அது தைரியம் கொடுக்கும்னெல்லாம் நினைக்கல, நேரம் கொடுக்கும், அவ்வளவுதான். கொழும்புல கேட்ட கேள்விக்கு தர்மன் புத்தகமா பதில் எழுதி முடிக்க 1949 ஆயிடுச்சு, 14 வருஷம். கோஃபினுக்கு அப்படி உக்காந்து யோசிக்க எங்க விட்டாங்க, ஒண்ணு லாக்கப்பு, இல்லன்னா கோர்ட்டு.