சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைக்கு பைக்கில் போகும்போது காலுக்கு எது சரி?

மலையடிவாரத்தில் இருக்கும் தாப்பா டோல் வரைக்கும் கால் வியர்த்துக்கொண்டே வரும். அங்கிருந்து வளைந்து வளைந்து ஒரு மணி நேரம் ஏறினால் அதே கால் விறைத்துப்போகும். ஐரோப்பாவில் பைக் ஓட்டுகிறவர் வீட்டிலேயே குளிருக்கு உடுத்திக்கொண்டு கிளம்பலாம். நாம் அப்படிக் கிளம்பினால் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையிலேயே வெந்துவிடுவோம். அப்புறம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நெடுஞ்சாலை வெயில் வேறு. அதனால் எந்த உடை அதிகம் சூடு தரும் என்பதோடு, வழியில் எதைச் சுலபமாகப் போட்டுக் கழற்றலாம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான், அதுவும் 1989இல். கேமரன் மலை ஊரான தானா ராத்தாவில் இரவு 16, 15 என்று இறங்குவது சாதாரணம். அதோடு ஓடுகிற பைக்கின் காற்றும் சேரும். 10 டிகிரி குளிரில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது 4 டிகிரி போலப் படும். முட்டியில் சதை கிடையாது, காற்றை முதலில் வாங்குவதும் அதுதான். சிபி400 போல முன்னால் மறைப்பு இல்லாத பைக் என்றால் இன்னும் மோசம்.

பலரும் முதலில் வாங்குவது தெர்மல் உள்ளாடை. யூனிக்லோ ஹீட்டெக் இல்லாத வீடு இங்கே குறைவு. மடித்தால் கையளவுதான், இரவில் போட்டுக்கொண்டு தூங்கவும் செய்யலாம். ஆனால் அதன் மேல் வெறும் ஜீன்ஸ் போட்டு ஓட்டிப் பாருங்கள், காற்று இரண்டையும் துளைத்துக்கொண்டு வரும். பருத்தி உள்ளாடை கூடவே கூடாது. நெடுஞ்சாலையில் குடித்த வியர்வையை அது மலையில் ஐஸாகத் திருப்பித் தரும். கம்பளி, குறிப்பாக மெரினோ, ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். விலைதான் கடிக்கும்.

உள்ளே தெர்மல் லைனர், அதாவது கழற்றி மாட்டும் சூட்டு உள்துணி, வைத்த ரைடிங் பேண்ட், முட்டிக்குக் காப்பும் சேர்த்துத் தருவதால், காகிதத்தில் பார்த்தால் இதுதான் முதலிடம். நான் இரண்டு பயணம் அதில்தான் போனேன். லைனரை மாட்ட பேண்டை முழுதாகக் கழற்ற வேண்டும். பெட்ரோல் நிலையக் கழிப்பறையின் ஈரத் தரையில் ஒற்றைக்காலில் நின்று, ஜிப்பைத் தேடி, பட்டனைத் தேடி... இரண்டாவது முறை லைனரைப் பையிலேயே விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே ஏறினேன். போட மனம் வராத உடை எவ்வளவு நல்லதாக இருந்து என்ன பயன்?

என் ஓட்டு சாதாரண மழை பேண்டுக்குத்தான். அது காற்றை அறவே உள்ளே விடாது. பேண்டுக்கும் அதற்கும் நடுவில் அடைபடும் காற்றே சூட்டைப் பிடித்து வைக்கும். கேமரனில் மதியத்துக்கு மேல் மழையும் அடிக்கடி வரும் என்பதால் எப்படியும் எடுத்துப் போகிற பொருள்தான். பக்கவாட்டில் தொடை வரை ஜிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பூட்ஸோடு நுழைக்கலாம். அப்படி இல்லையென்றால் பூட்ஸ் மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை விடுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். ஒரு குறை, சைலன்சரில் பட்டால் உருகிவிடும். என்னுடையதில் வலது கணுக்காலுக்கு மேல் ஐம்பது காசு அளவு ஓட்டை, ஓரம் கருகிச் சுருண்டிருக்கும். கீழ்ப்பகுதியை வார் போட்டு இறுக்குவது அவசியம். நெடுநேரம் போட்டால் உள்ளே வியர்க்கும். மூச்சு விடும் கோர்டெக்ஸ் வகையில் அது குறைவு, விலையும் அதற்கேற்ப.

எங்கள் குழுவில் மூத்த அண்ணன் ஒருவர், தமிழ் முரசு நாளிதழை நான்காக மடித்து முட்டியில் செருகிக்கொண்டு அந்தக் காலத்தில் கேமரன் ஏறியதைச் சொல்வார். நானும் செய்து பார்த்தேன், உண்மையிலேயே வேலை செய்கிறது. நனைந்தால் கூழ்.

ரோம், பாரிஸ் ஸ்கூட்டர்களில் மடிமேல் போர்த்தும் காப்பு அங்கே குளிர்காலம் முழுக்க வண்டியிலேயே கிடக்கும். இரண்டு நாள் மலைக்காக அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. மின்சாரத்தில் சூடாகும் பேண்டும் கேமரனுக்கு மிகை, 2பி உரிமத்தில் ஓட்டும் 200சிசி வரையான சிறிய வண்டியின் பேட்டரிக்கும் பாரம். ஜனவரி விடியலில் தாய்லாந்தின் 2,565 மீட்டர் டோய் இந்தனோன் உச்சிக்கு ஏறுகிறவர், பெரிய வண்டி வைத்திருந்தால், யோசிக்கலாம். அங்கே உறைபனியே விழும்.

கேமரனுக்கு மெல்லிய தெர்மலும் மழை பேண்டும் போதும். தெர்மலை மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். மழை பேண்டைத் தாப்பாவில் எண்ணெய் நிரப்பும்போதே போட்டுவிடுங்கள், பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் சேர்த்து. வழியில் வரும் ரிங்லெட் ஊரைத் தாண்டி முட்டி விறைத்த பிறகு போட்டால், உள்ளே அடைத்து வைக்கக் காலில் சூடே மிச்சம் இருக்காது.