40 மீட்டர் டைபோல், கேபிள், ட்யூனர்: சில வருட அனுபவம்

காவேரிப்பட்டினம் பக்கம் தோப்பு வீட்டில் ஹாம் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைக்கும் வயர் ஆன்டெனா, கட்டிச் சில வருடங்கள் ஓடிவிட்டன. 100 வாட் ரிக் (ரேடியோ செட்), மேசையில் மேனுவல் ட்யூனர், மாமரம் வரை கோஆக்ஸ் கேபிள். எதில் காசு போடலாம் என்று புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் கேட்கிறார்கள். கேபிளில் போடுங்கள். ட்யூனர் கடைசியில்.

ட்யூனரைக் குறை சொல்லவில்லை. ரிக்குக்கு 50 ஓம் காட்டி ஃபைனல் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றும், அவ்வளவுதான் அதன் வேலை. அதைத் தாண்டி கேபிளில் இருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, 1 என்றால் கச்சிதம்) அப்படியேதான் இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் நல்ல கேபிள் இதைத் தாங்கிக்கொள்ளும். 145 மெகாஹெர்ட்ஸில் கதையே வேறு: 30 மீட்டர் ஆர்ஜி-58 (மெல்லிய கோஆக்ஸ்) போட்டால், மேட்ச் (பொருத்தம்) கச்சிதமாக இருந்தாலும் முக்கால்வாசி பவர் வழியிலேயே சூடாகிப் போய்விடும்.

வயர் நீளத்துக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் போதும், 7.1க்குச் சுமார் 20.1 மீட்டர். நான் போட்டது வீட்டு வயரிங் வயர். மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. வெட்டாமல் முனையை மடக்கி முறுக்கிப் பாருங்கள்.

ஒரு ஐப்பசி மழைக்கு அப்புறம் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் முன்பைவிட அழகாகக் காட்டியது. பேண்ட் ஓரத்தில் 2 இருந்த இடத்தில் 1.3! ஆனால் சேலத்து நண்பரோ, "என்னங்க, சிக்னல் இறங்கிப்போச்சு" என்றார். கேபிளை ஆன்டெனாவிலிருந்து கழற்றி, அந்த முனையைச் சும்மா விட்டுவிட்டு, இந்தப் பக்கம் நானோவிஎன்ஏ (ஆன்டெனா, கேபிளை அளக்கும் சின்னக் கருவி) மாட்டினேன். ஒன்றும் இணைக்காத கேபிள் எக்கச்சக்கமாக எஸ்.டபிள்யூ.ஆர். காட்ட வேண்டும். காட்டியது 2.5. ரிட்டர்ன் லாஸ் (திரும்பி வரும் அலை எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு) 7.4 டெசிபல், அது போய்த் திரும்பும் கணக்கு என்பதால் ஒருவழிக்கு 3.7. பாதிக்கு மேல் பவர் கேபிளிலேயே காலி. திரும்பி வரும் அலையையும் கேபிள் தின்றுவிடுவதால்தான் மீட்டர் அவ்வளவு சாதுவாக இருந்திருக்கிறது. கேபிள் முனையில் இருந்த பிஎல்-259 கனெக்டரைப் பிரித்தால் செம்புப் பின்னல் பச்சை பூத்து, ஈரம் உள்ளே வெகுதூரம் ஏறியிருந்தது.

இப்போது ஆர்ஜி-213 என்ற தடித்த கோஆக்ஸ். இணைப்பில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன்மேல் சாதாரண டேப். மழைநீர் சொட்டிப் போகக் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டிருக்கிறேன். ஆடிக் காற்றுக்கு மரம் ஆடினால் வயர் அறுந்துவிடும். கயிற்றைக் கப்பியில் ஓட்டி எடை தொங்கவிட்டதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸைச் சுற்றி 1:1 பாலுன் (கேபிளின் வெளிப்புறத்தில் கரண்ட் ஓடாமல் தடுப்பது) செய்து மாட்டியதில், பேசும்போது மைக் சுருக்கென்று உதட்டைச் சுடுவதும் நின்றது.

ட்யூனர் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. இதே வயர் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் 15 மீட்டர் பேண்டிலும் ஓடும். அங்கே ஓரளவு சரிக்கட்ட அது உதவுகிறது. 20 மீட்டர் பேண்டிலும் ட்யூனர் மேட்ச் காட்டத்தான் செய்யும். நம்பாதீர்கள்: அங்கே டைபோலின் நடுவில் ஆயிரக்கணக்கான ஓம் நிற்கும், கோஆக்ஸ்தான் சூடாகும். 20 மீட்டர் வேண்டுமென்றால் அதே பாலுனில் சுமார் 10 மீட்டர் நீளத்துக்கு இன்னொரு டைபோலைச் சேர்த்துத் தொங்கவிடுங்கள்.