ட்ரெயிலுக்கும் மலையிறக்கத்துக்கும் ஒரே சைக்கிள்: செட்டிநாட்டுச் செம்மண்ணில் ஓட்டிப் பார்த்த கணக்கு

மவுன்டன் பைக் எனப்படும் மலைச் சைக்கிள்: முன்னால் 150 மி.மீ. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து, அதிர்வில் அமுங்கும் கால்கள்), பின்சக்கரத்துக்கு 140 மி.மீ. அசைவு (மேடுபள்ளத்தில் சக்கரம் மேலும் கீழும் போகிற அளவு), 29 இன்ச் சக்கரம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இருந்துகொண்டு வாரக் கடைசியில் ட்ரெயில் (காட்டுப் பாதை, மண்பாதை), எப்போதாவது வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மலையிறக்கம் என்று ஓட்டுகிறவருக்கு இந்த அளவு போதும். சித்திரை வெயில், ஐப்பசி மழை இரண்டிலும் இந்த வகை சைக்கிளை ஓட்டியபின் தெரிவதை எழுதுகிறோம். எந்த கம்பெனி என்பதைவிட அதில் என்ன மாட்டியிருக்கிறது என்பதே முக்கியம்.

வாங்கும்போது எல்லோர் மனதிலும் மலைதான் இருக்கிறது. ஓடப்போவதோ கண்மாய்க் கரையிலும் சரளைப் பொட்டலிலும் தைலமரக் காட்டிலும். பிரான்மலை இருக்கிறதே என்றால், அது கோயிலுக்கும் உச்சியிலுள்ள தர்காவுக்கும் ஜனங்கள் நடந்து ஏறுகிற வழி. அங்கே சைக்கிளைக் கொண்டுபோவது முறையில்லை. இறக்கம் வேண்டுமென்றால் சிறுமலை, கொல்லிமலை, கொடைக்கானல்தான். தார்ச்சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொடைக்கானல் காடுகள் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம்.

200 மி.மீ. அசைவுள்ள அசல் டவுன்ஹில் சைக்கிள் (மலையிறக்கத்துக்கு மட்டுமானது) இங்கே வீண். பின்னால் 7 பல்சக்கரம், உயர்த்தவே முடியாத சீட், இரட்டைக் கிரவுன் ஃபோர்க். எதிர்காற்றில் கண்மாய்க் கரையைக் கடப்பதற்குள் முட்டி கழன்றுவிடும். 170 மி.மீ. எண்டூரோ வகை சைக்கிளை மிதித்து ஏற முடியும், ஆனால் சமதளத்தில் மந்தம். இரண்டு வேலையும் செய்ய வேண்டிய சைக்கிளில் அசைவு அளவோடு இரண்டு கோணங்களையும் பாருங்கள். ஹெட் ஆங்கிள் (முன்ஃபோர்க்கின் சாய்வு) 64.5 முதல் 65.5 டிகிரிக்குள் இருந்தால் செங்குத்து இறக்கத்தில் முன்சக்கரம் காலுக்கடியில் மடங்காது. சீட் டியூப் ஆங்கிள் (சீட் குழாயின் சாய்வு) 76க்கு மேல் இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காது. 150 முதல் 170 மி.மீ. இறங்கும் டிராப்பர் போஸ்ட் (ஓட்டும்போதே இறக்கி ஏற்றக்கூடிய சீட் கம்பி) கட்டாயம். அது இல்லாமல் விலை குறைத்துத் தரும் மாடலை விட்டுவிடுங்கள்.

பெரிய எதிரி சீமைக்கருவை முள். ட்யூப் போட்டு ஓட்டினால் ஒரு காலைக்குள் இரண்டு பஞ்சர் சாதாரணம். அதனால் முதல் நாளே டியூப்லெஸ் ஆக்கிவிட வேண்டும், அதாவது ட்யூபை எடுத்துவிட்டு டயருக்குள் சீலன்ட் என்ற அடைப்புத் திரவத்தை ஊற்ற வேண்டும். 29க்கு 2.4 டயருக்கு 100 முதல் 120 மி.லி. சீலன்ட். பாட்டிலில் எழுதியிருக்கும் மாதக் கணக்கு குளிர்நாட்டுக் கணக்கு. நம் கோடையில் ஆறேழு வாரத்திலேயே காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். டயரைக் குலுக்கிப் பாருங்கள், தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லையென்றால் வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு துண்டு) கழற்றி 60 மி.லி. ஊற்றுங்கள். காற்று ஏறவே இல்லை என்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை வால்வு கோரில் சீலன்ட் அடைத்துக்கொண்டதுதான். இரண்டு கோர் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும்.

முள் ஏறியதும் பிடுங்கிவிட்டு, ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சீலன்ட் அங்கே தேங்கி அடைத்துக்கொள்ளும். அடங்காவிட்டால் பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர் திரி) குத்த வேண்டும். அதுவும் பலிக்காமல் ட்யூப் போட நேர்ந்தால், டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றிலும் துடைத்துப் பாருங்கள். வெளியே ஒடிந்த முள்ளின் நுனிகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். இத்தனை நாள் அவற்றைச் சீலன்ட் மூடிவைத்திருந்தது, புது ட்யூப் பத்தடி தாண்டாது. வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும்.

டயரின் கேசிங்தான் (ரப்பருக்கு அடியிலுள்ள துணி அடுக்கு) ட்ரெயிலையும் டவுன்ஹில்லையும் பிரிக்கிறது. மாக்ஸிஸ் டயரில் எக்ஸோ என்பது இலேசானது, டபுள்டவுன் தடிமனானது. உள்ளூருக்கு இரண்டு பக்கமும் எக்ஸோ போதும். மலைக்குப் போகும்போது பின்சக்கரத்துக்கு மட்டும் டபுள்டவுன் மாட்டினால் பாறையில் ரிம் நசுங்காது. 70 கிலோ ஆளுக்கு காற்றழுத்தம் முன்னால் 22, 23 பிஎஸ்ஐ, பின்னால் 26. கண்மாய்க்குள் கரம்பை மண் ஈரமாக இருக்கும்போது இறங்காதீர்கள். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. 2.6 டயர் போகிற பிரேமில் 2.4 ஓட்டுவதன் லாபம் அப்போது தெரியும்.

அடுத்தது பிரேக். பொட்டலில் எந்த பிரேக்கும் நல்ல பிரேக்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது 160 மி.மீ. ரோட்டரும் (பிரேக் தட்டு) இரண்டு பிஸ்டன் காலிப்பரும் (தட்டை இறுக்கும் பகுதி) சூடேறி லிவர் கைப்பிடிவரை வந்துவிடும். நான்கு பிஸ்டன், முன்னால் 203, பின்னால் 180 என்று மாட்டுங்கள் (பிரேம் எவ்வளவு பெரிய ரோட்டர் தாங்கும் என்று பார்த்துக்கொண்டு). ரோட்டரை உரசும் பேடில் மெட்டல் வகை சூடு தாங்கும், கொஞ்சம் கத்தும். ஆனால் விலை குறைந்த ஷிமானோ ரோட்டர்கள் சிலவற்றின் மேலேயே 'ரெசின் பேட் மட்டும்' என்று அடித்திருக்கும், அதில் மெட்டல் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துபோகும். புதுப் பேட் போட்டதும் 20, 25 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது தடவை அழுத்திப் பழக்க வேண்டும். இதைச் செய்யாமல் மலைக்குப் போனால் பேட் பளபளவென்று கண்ணாடியாகிப் பிடியே இருக்காது. பிரேக் எண்ணெய் விஷயத்தில் கறார் வேண்டும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் (DOT) வகை எண்ணெய் ஊற்றினால் உள்ளேயிருக்கும் சீல் கெட்டுவிடும்.

சஸ்பென்ஷனில் பலர் செய்யாதது ஒன்று. காரைக்குடியில் 40 டிகிரி வெயிலில் ஷாக்கில் (பின்சக்கர அதிர்வைத் தாங்கும் காற்றுக் குழாய்) 200 பிஎஸ்ஐ அடித்துவிட்டுக் கொடைக்கானலில் 20 டிகிரியில் ஏறினால், பத்து பிஎஸ்ஐக்கு மேல் தானாகவே குறைந்திருக்கும். இறக்கத்தில் சைக்கிள் அடி தட்டுகிறது என்று ஷாக்கைத் திட்டுவார்கள். மலையில் போய் இறங்கி அரைமணி கழித்து ஷாக் பம்பைப் போடுங்கள். உடைகளோடும் பையோடும் ஏறி உட்கார்ந்து ஷாக் தண்டிலுள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையம்) பார்த்தால், 55 மி.மீ. ஸ்ட்ரோக் ஷாக்கில் 16 மி.மீ. அமுங்கியிருக்க வேண்டும். 150 ஃபோர்க்கில் 30. உள்ளூரில் மிதிப்பதற்குப் பின்னால் 14 மி.மீ. என்று இறுக்கிக்கொள்ளலாம்.

செம்மண் தூசியில் எண்ணெய் வழிய வழியச் செயின் ஓட்டக் கூடாது. பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுகிற வழக்கம் இங்கே இருக்கிறது, தூசியோடு சேர்ந்து அது உப்புத்தாள்போல அரைக்கும். மெழுகு வகை லூப் நல்லது. செயின் 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட்டால் 10-51 பல் கேசட் (பின்பல்சக்கரத் தொகுதி) பிழைக்கும். ஃபோர்க் குழாயை ஒவ்வொரு முறையும் துணியால் துடையுங்கள். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் கம்பெனி கீழ்க்கால் சர்வீஸுக்குச் சொல்வது 50 மணி நேரம், நம் தூசியில் அதைத் தள்ளிப்போட முடியாது. பைக் வாட்டர் சர்வீஸில் விட்டு அடிக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் பிவட் பேரிங்குக்குள் (பின்பக்க மூட்டுகளின் பேரிங்) புகுந்து கிரீஸை வெளியேற்றிவிடும். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் கிரீச் சத்தம்தான்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் மலை என்றால் முழு சஸ்பென்ஷனே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். 130 அல்லது 140 ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயிலில் (பின்னால் ஷாக் இல்லாத சைக்கிள்) நான்கு பிஸ்டன் பிரேக், டிராப்பர், நல்ல டயர் போட்டால் செலவு பாதி, பேரிங் தொல்லை இல்லை. பாறை இறக்கத்தில் மட்டும் குதிகால் வலிக்கும், பின் ரிம் அடிவாங்கும்.

எதை வாங்கினாலும் டீரெயிலர் ஹேங்கர் (பின்கியர் மாற்றியைப் பிரேமில் மாட்டும் துண்டு) இரண்டு கூடுதலாக அன்றே வாங்கிவிடுங்கள். கருவைக் குச்சி ஒன்று செயினில் சிக்கினால் முதலில் ஒடிவது அதுதான், பிரேமுக்குப் பிரேம் அளவு மாறும், உள்ளூர்க் கடையில் கிடைக்காது. யூ.டி.எச். (பல கம்பெனிப் பிரேம்களுக்கும் பொதுவான) ஹேங்கர் உள்ள பிரேமாகப் பார்த்து எடுத்தால் இந்தத் தேடலும் மிச்சம்.