கும்பகோணம் நவக்கிரகப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன்பு

கோலாலம்பூரிலிருந்து கும்பகோணத்துக்கு ஆன்மிகப் பயணம் ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்பவர்களிடம் பணம் கட்டப் போகிறவர்கள், அதிலும் வயதான பெற்றோரைத் தனியாக அனுப்ப நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் துண்டறிக்கை கொடுத்து ஆள் சேர்க்கும் ஒரு முகவர் மூலம் அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு போய் வந்தேன். தலைக்கு 3,900 ரிங்கிட். அதுபோக, திருநள்ளாற்றில் சனீஸ்வரருக்குச் சிறப்புப் பரிகார பூஜை என்று 180 ரிங்கிட் தனியாக. புகார் கொடுத்திருப்பதால் முகவரின் பெயரை இங்கே எழுதவில்லை.

மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் விடுதி என்றார்கள். இறக்கிவிட்டதோ ஊருக்கு வெளியே, லிப்ட் இல்லாத ஒரு லாட்ஜில். மூட்டு வலிக்காரர்களுக்கு இரண்டாவது மாடி. இதையெல்லாம்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, திருநாகேசுவரத்தில் மாலை 4.30 மணி ராகு காலப் பாலாபிஷேகத்தை நிம்மதியாகத் தரிசித்தோம். அது ஒன்றுதான் சொன்னபடி நடந்தது.

நவக்கிரகத் தலங்கள் ஒன்பதில் ஒன்று முடிந்தது. மறுநாள் மீதி எட்டுத் தலங்கள். துண்டறிக்கையில் அப்படித்தான் இருந்தது. கும்பகோணத்துக் கோயில்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் பெரும்பாலும் திறப்பார்கள். ஆகவே விடியற்காலையில் கிளம்பினால்தான் சுற்ற முடியும். எங்கள் வேன் கிளம்பியது ஒன்பது மணிக்கு. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே திருபுவனத்தில் ஒரு பட்டுக் கடை வாசலில் நிறுத்தினார்கள். அந்த ஊரில் மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயில் இருக்கிறது, சரபேசுவரர் சன்னிதி இருக்கிறது. அந்தப் பக்கம் வேன் திரும்பவே இல்லை. கடைக்குள் காபி கொடுத்து, பாய் விரித்து உட்கார வைத்துவிட்டார்கள். யாராவது சேலை வாங்கும் வரை ஓட்டுநரைக் காணவில்லை. சூரியனார் கோயிலை ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டுக் கஞ்சனூர் போய்ச் சேர்ந்தபோது குருக்கள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அடுத்தது வைத்தீசுவரன் கோயில். நடை திறக்க நேரம் இருக்கிறது, அதுவரை நாடி ஜோதிடம் பார்க்கலாம் என்று ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார் வழிகாட்டி. ஆண்களுக்கு வலது கட்டைவிரல் ரேகை, பெண்களுக்கு இடது. ரேகையை வாங்கிக்கொண்டு ஓலை தேடுகிறோம் என்று உள்ளே போனார்கள். பெரியம்மாவிடம் பெயர், கணவர் பெயர் என்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, அவர் சொன்ன பதிலையே ஓலையில் படிப்பதுபோல் திருப்பிச் சொன்னார்கள். பிறகு பரிகாரத்துக்குச் சாந்தி காண்டம், மந்திரத்துக்குத் தீட்சைக் காண்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. எனக்கு நாடியில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. பயணத் திட்டத்தில் இல்லாத ஒன்றுக்கு, எங்கள் தரிசன நேரத்தைத் தின்றுவிட்டார்கள் என்பதுதான் என் கோபம். நான்கு மணிக்கு நடை திறந்தது. நாங்கள் உள்ளே போனபோது விளக்கு வைத்தாகிவிட்டது. தையல்நாயகி சன்னிதியில் ஐந்து நிமிடம் நிற்க விடவில்லை. உப்பும் மிளகும் வாங்கிக் கொட்ட வேண்டும் என்று அம்மா ஊரிலிருந்தே நினைத்து வந்திருந்தார். நேரமில்லை என்று சொல்லி அதற்கும் விடவில்லை.

திருவெண்காட்டில் அவசர தரிசனம். கீழப்பெரும்பள்ளம் பூட்டியிருந்தது. திருநள்ளாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் நடை சாத்தியாகிவிட்டது. தம்பிக்காக நேர்ந்துகொண்டு கடல் தாண்டி வந்த அம்மா, பூட்டிய கதவுக்கு முன் எள் தீபப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கட்டிய 180 ரிங்கிட் பூஜை என்னவாயிற்று என்று கேட்டேன். காலையிலேயே எங்கள் ஆள் செய்துவிட்டார் என்று சொல்லி ஒரு விபூதிப் பொட்டலத்தை நீட்டினார் வழிகாட்டி. அதில் கோயில் பெயர்கூட இல்லை. அர்ச்சனைக்கே அச்சிட்ட சீட்டு கொடுக்கும் கோயில்களில், பரிகார பூஜைக்கு ரசீது இல்லாமல் போகுமா? கேட்டதற்குப் பதில் இல்லை. ஆலங்குடியும் திங்களூரும் நாளைக்கு என்றார்கள். அந்த நாளை வரவே இல்லை.

நெரிசல், சாலை வேலை, யாராலும் ஒரே நாளில் முடியாது என்று பிறகு காரணம் சொன்னார்கள். தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விட்டது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, 750 ரூபாய் கட்டணத்தில், ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் காட்டும் ஏற்பாடு அது. அந்தப் பேருந்து பட்டுக் கடையில் நிற்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாராசுரத்துக்குப் போகும் வழியில் வேனிலேயே தலைக்கு 600 ரூபாய் வசூலித்தார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் என்றார் வழிகாட்டி. கேட்கிற எவரும் நம்பக்கூடிய தொகை, ஏனென்றால் மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை வெளிநாட்டவரிடம் உண்மையாகவே 600 ரூபாய்தான் வாங்குகிறது. ஆனால் இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வழிபாட்டில் உள்ள கோயில். தஞ்சைப் பெரிய கோயிலைப்போல, கங்கைகொண்ட சோழபுரத்தைப்போல, அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்றாலும் கிடையாது. வாசலில் செருப்பு பார்த்துக்கொண்ட அம்மாளிடம் டிக்கெட் எங்கே வாங்குவது என்று கேட்டேன். "சாமி கும்பிட எதற்கம்மா டிக்கெட்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். குதிரையும் சக்கரமுமாகத் தேர்போல் செதுக்கிய அந்த மண்டபத்தைச் சுற்றி வரும்போது என் கண் கல்லில் நிற்கவில்லை. வழிகாட்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் திட்டத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள்.

ஊர் திரும்பி முகவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "சாமி காரியத்தில் கணக்குப் பார்க்கலாமா அக்கா?" என்றார். பெரியவர்களின் பக்தியைக் காசாக்கிவிட்டு, அதே பக்தியைக் காட்டி வாயை அடைக்கிற இந்தப் பேச்சைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் பணம் கட்டும் முன், முகவருக்கு மலேசியச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி அது கட்டாயம். ரசீதில் ஒரு நிறுவனத்தின் பெயரும் வங்கிக் கணக்கில் ஒரு தனிநபரின் பெயரும் இருந்தால் கட்டாதீர்கள். எங்களிடம் வாங்கியது அப்படித்தான். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், எந்தக் கோயில் எத்தனை மணிக்கு, எந்தெந்தக் கடையில் நிறுத்துவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவர் வேண்டவே வேண்டாம். பூஜைப் பணத்தை இங்கே கொடுக்காமல், கோயில் அலுவலகத்தில் நீங்களே கட்டிச் சீட்டு வாங்குங்கள்.

ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நாங்கள் துண்டறிக்கை, வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் சேர்த்து மனுக் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி பயணத்தில் போய் வந்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். போனது போகட்டும் என்று அவர்கள் சொன்னாலும், அந்தத் துண்டறிக்கையையும் ரசீதையும் எறியவிடாமல் வாங்கி வையுங்கள்.