குறைமாதக் குழந்தைக்காக வேலூரில் தங்குபவர்களுக்கு: காந்தி ரோட்டுப் பின்சந்தில் ஒரு வாடகை அறை

காந்தி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது இந்த வீடு. கீழே மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள், மாடியில் வீட்டுக்காரர்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் போர்டு கிடையாது. பெயரும் நம்பரும் எழுத வேண்டாம் என்று வீட்டுக்கார அம்மா கேட்டுக்கொண்டார். ஏற்கெனவே அறை கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வருவதில்லை. அதனால் இந்த வீட்டைப் பற்றி மட்டுமல்ல, பச்சிளம் குழந்தையை ஐ.சி.யூ.வில் விட்டுவிட்டு வெளியே தங்குகிறவர்கள் ஓர் அறையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் போளூர் பக்கம். 1989-ல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து திருவண்ணாமலைக்காரர்கள். என் அப்பா மட்டும் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்லுவார். எந்தப் பெரிய வியாதி என்றாலும் எங்கள் ஊர் ஜனம் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குத்தான் பஸ் ஏறும். என் மனைவிக்கு ஏழாம் மாதக் கடைசியில் பி.பி. ஏறிக்கொண்டே போனது. இனி தாங்காது என்று 30 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, 1,260 கிராம்.

முதலில் ரோட்டு மேலேயே ஒரு லாட்ஜில் இருந்தோம். அறை இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. வயிற்றில் தையலோடு என் மனைவி ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறுவாள். சமைக்க விடமாட்டார்கள், ஃப்ரிட்ஜ் கிடையாது, ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். சாதாரண நோயாளிக்கு அது போதுமாக இருக்கலாம். இரண்டு மணிக்கொரு முறை பால் கொண்டுபோக வேண்டியவர்களுக்கு அந்தப் பூட்டு ஒன்றே போதும், அறை வேண்டாம் என்று சொல்ல.

இந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்தது சாவி. கேட் சாவி ஒன்றை என் கையில் கொடுத்து, "ராத்திரி எப்ப வேணும்னாலும் போ, வா தம்பி. எங்களை எழுப்ப வேணாம், திரும்பிப் பூட்டிட்டா போதும்" என்றார் அந்த அம்மா. ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரம்தான். ராத்திரியிலும் அந்தப் பக்கம் டீக்கடை வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும், பயம் இல்லை.

அடுத்தது ஃப்ரிட்ஜ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பால் என் தொழில். பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளப்பவன் நான். லாக்டோமீட்டர், கொழுப்பு, கூலரில் 4 டிகிரி, எல்லாம் மனப்பாடம். அப்படிப்பட்டவனிடம் ஒரு சிரிஞ்சில் 2 மில்லி சீம்பாலைக் கொடுத்து, பத்திரம் என்றார் நர்ஸ். ஆரம்பத்தில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு அவ்வளவுதான். வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் அது இறங்கும். குறைமாதக் குழந்தையின் குடலுக்குத் தாய்ப்பாலைப் போல் பாதுகாப்பு வேறு இல்லை. மாவுப் பாலில் வளரும் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வருவது அதிகம் என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

குழந்தை சப்பிக் குடிக்காதபோது பால் சுரப்பு வற்றாமல் இருக்க, தாய் இரண்டு மூன்று மணிக்கொரு முறை, ராத்திரியிலும், பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த பாலை 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் நான்கு மணி நேரம் வரை வெளியே வைக்கலாம் என்பது பொதுக் கணக்கு. நாங்கள் இருந்தது அக்னி நட்சத்திரம். வேலூர் வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது. எடுத்த உடனே குளிரில் வைக்க வேண்டும். அதுவும் ஃப்ரிட்ஜ் கதவில் கூடாது, உள்ளே பின்பக்கமாக. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம்தான் முதலில் சூடேறும். ஒவ்வொரு டப்பாவிலும் தேதி, மணி எழுதி ஒட்ட வேண்டும்.

அறையில் இருந்தது ஒற்றைக் கதவு சின்ன ஃப்ரிட்ஜ், பழசு. ஆனால் குளிர் நன்றாக நிற்கிறது. நான் தெர்மாமீட்டர் போட்டே பார்த்துவிட்டேன். குறை என்னவென்றால் இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான், ஃப்ரிட்ஜுக்கு இல்லை. ஒரு மத்தியானம் கரண்ட் போய் வெகு நேரம் வரவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்த அம்மாவே மீன் கடையில் ஐஸ் வாங்கி, கழுவி, பிளாஸ்டிக் கவரில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் டப்பாக்களைச் சுற்றி அடுக்கி மூடி வைத்திருக்கிறார். நான் வந்து பார்த்தபோது ஒரு டப்பா லேபிள்கூட நனையவில்லை. என் சொசைட்டியில் இப்படி ஒரு கை இருந்தால் பால் ஒரு சொட்டு திரியாது. நீங்கள் எந்த அறை எடுத்தாலும் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் ஓடுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமையலறை மூன்று அறைக்கும் பொது. கேஸ் சிலிண்டர் அவர்களுடையது, அதற்குத் தனிக் காசு இல்லை. என் மாமியார் பூண்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் கேழ்வரகுக் களியும் செய்து கொடுத்துத்தான் என் மனைவிக்குப் பால் ஊறியது என்று இன்றைக்கும் சொல்லுவார். அடுத்த அறையில் ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், பையனுக்கு இதய ஆபரேஷன். அவர்கள் கடுகெண்ணெயில் மீன் வறுக்கும் வாசனை முதலில் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அப்புறம் பழகிவிட்டது. பாஷை தெரியாவிட்டாலும் அந்தப் பையனின் அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம். குடிக்கக் கேன் தண்ணீர்தான், போர் தண்ணீர் உப்பு. தாய்ப்பால் எடுக்கும் பம்ப்பின் பாகங்களைக் கொதிக்கவைக்கவும் கேன் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெள்ளையாக உப்புப் படியும்.

போன் சிக்னல் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. குழந்தையின் நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் இருக்கும்போது குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் நேராகப் போக இதயத்தை ஒட்டி ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த இரண்டு மூன்று நாளில் அது தானாக மூடிவிடும். எங்கள் மகளுக்கு மூடவில்லை. முதலில் மருந்து, அதுவும் காய்ச்சலுக்குக் கொடுக்கிற அதே பாராசிட்டமால். அதில் மூடாவிட்டால், குழந்தை மூச்சுக்குத் திணறினால், விலாவுக்கு இடையில் திறந்து அந்தக் குழாயைக் கட்ட வேண்டியிருக்கும், எப்போது கூப்பிட்டாலும் கையெழுத்துப் போட வர வேண்டும் என்றார்கள்.

அந்த நாட்களில் நான் போனைத் தலைமாட்டில் அல்ல, கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினேன். இந்த வீட்டில் வாசல் பக்கத்து அறையில்தான் சிக்னல் முழுசாகக் கிடைக்கிறது. பின்பக்க அறையில் நின்று நின்று வரும். நான் காரணத்தைச் சொன்னதும், அந்த அம்மா அன்றைக்கே முன்னறையில் இருந்தவர்களிடம் பேசி எங்களுக்கு மாற்றிக் கொடுத்தார். மாறிக்கொண்டவர்களும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இரண்டாவது முறை மருந்து கொடுத்த பிறகு எடுத்த எக்கோவில் குழாய் மூடியிருந்தது. மார்பைத் திறக்க வேண்டி வரவில்லை.

அடுத்தது கண். இதைக் குறைமாதக் குழந்தை பெற்ற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். விழித்திரையில் ரத்தக் குழாய்கள் ஓடி முடிவது பிரசவ மாதத்தை ஒட்டித்தான். முன்னாலேயே பிறந்துவிட்டால் அவை தாறுமாறாக வளரலாம், முற்றினால் விழித்திரையையே பிய்த்துப் பார்வையைக் கெடுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை என்று வைத்திருக்கிறார்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே. இந்தக் கண் நோய்க்கு ஐந்து நிலை உண்டு. எங்கள் மகளுக்கு முதல் பரிசோதனையிலேயே இரண்டாம் நிலை என்றார்கள். வாரா வாரம் பார்க்க வேண்டும், முற்றுவது தெரிந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர். எடை கூடி டிஸ்சார்ஜ் ஆன பிறகும் நாங்கள் ஊருக்குப் போகாமல் இந்த அறையிலேயே இருந்தது இதற்காகத்தான். அந்த எடையில் ஒரு குழந்தையை போளூர் பஸ்ஸில் வெயிலில் வாரா வாரம் ஏற்றி இறக்க எனக்குத் துணிவில்லை.

பரிசோதனை நாளில் ஒரு மணி நேரம் முன்பே பால் நிறுத்த வேண்டும். கண்ணின் கருமணி விரியச் சொட்டு மருந்து, பத்து பதினைந்து நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப. துணியால் கை காலை அசையாமல் சுற்றி, மரத்துப்போகச் சொட்டு விட்டு, இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பிக் கவ்வி வைத்து, டாக்டர் தலையில் மாட்டிய விளக்கோடு குனிந்து பார்ப்பார். குழந்தை வீறிடும். அந்த நேரத்தில் தாய்ப்பாலில் சில சொட்டு நாக்கில் வைத்தால் வலி கொஞ்சம் தெரியாது என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். என் மனைவி ஒரு கையால் மகளின் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டு, மறு கையில் சிரிஞ்சோடு, கண்ணை எடுக்காமல் நிற்பாள். நான் கதவருகே நிற்பேன்.

சொட்டு போட்ட பிறகு சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும். அறைக்குத் திரும்பினால் மேற்கு ஜன்னலில் வெயில் நேராக அடிக்கும். இந்த அறையின் பெரிய குறை அந்த ஜன்னல்தான், திரைச்சீலை இல்லை. சொன்னதும் வீட்டுக்கார அம்மா மாடியிலிருந்து ஒரு பழைய கைத்தறிப் புடவையைக் கொண்டுவந்து இரண்டாக மடித்து, "கண்ணு, இதக் கட்டிக்கோ, நீ ஊருக்குப் போற வரைக்கும் அவுக்க வேணாம்" என்று என் மனைவியிடம் கொடுத்தார். உதவிதான், ஆனால் வாடகை வாங்கும் அறையில் திரைச்சீலை இருக்க வேண்டும். அதையும் அவரிடமே சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

அறையில் ஒரு ஈசிச்சேர் இருக்கிறது, மரச் சட்டம், கித்தான் துணி. முதலில் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கங்காரு முறை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் பற்றாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட வேண்டிய நிலையில் தொடங்கியது அது. குழந்தையை வெற்று மார்போடு வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும், அப்பாவும் செய்யலாம். நேராக நிமிர்ந்தும் உட்காரக்கூடாது, படுக்கவும் கூடாது, பாதி சாய்ந்த நிலை வேண்டும். கட்டிலில் தலையணை அடுக்கிப் பார்த்தால் இடுப்பு விட்டுப்போகும். ஈசிச்சேர் அதற்கென்றே செய்தது போலப் பொருந்தியது. மாலை நேரம் முழுக்க மகளை நெஞ்சில் வைத்து, மேலே வேட்டித் துணியால் சுற்றி அதில் சாய்ந்திருப்பேன். கழுத்து மடங்காமல், முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மூடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். என் மூச்சு ஏறி இறங்க அவளும் ஏறி இறங்குவாள். அந்த நாற்காலிக்காகவே இந்த அறைக்கு நான் ஒரு நட்சத்திரம் கூடுதலாகப் போடுவேன்.

மற்றவை சுருக்கமாக. பாத்ரூம் அறைக்குள்ளேயே இருக்கிறது, சுத்தம், ஆனால் இந்தியன் டாய்லெட். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கஷ்டம், பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் கேட்டால் தருகிறார்கள். கொசு உண்டு, ஜன்னலுக்கு வலை போட்டிருந்தாலும் சந்தில் சாக்கடை திறந்திருக்கிறது. குழந்தை இருக்கும் அறையில் சுருள் கொளுத்த வேண்டாம், கொசுவலை கொண்டுபோங்கள். துணி காயப்போட மொட்டை மாடி உண்டு. பார்க்க வரும் சொந்தக்காரர்களை அந்த அம்மா வாசல் திண்ணையிலேயே உட்காரவைத்து, கை கழுவாமல் உள்ளே விடமாட்டார். எங்கள் பெரியம்மா ஒருவருக்கு இதில் வருத்தம்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. சளியோடு ஒருவர் வந்து கொஞ்சினால் அந்த நுரையீரல் தாங்காது.

வாடகை நாளுக்கு 550 ரூபாய், மாதக் கணக்கில் பேசினால் குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு வார முன்பணம் வாங்குகிறார்கள், முன்னாலேயே காலி செய்தால் மிச்சத்தை எண்ணித் திருப்பித் தந்துவிடுகிறார்கள். ரசீது தருவதில்லை, ஆபீஸில் பில் காட்ட வேண்டியவர்களுக்கு ஒத்துவராது. என் கணக்கில் ஐந்துக்கு நாலரை.

மகளுக்கு ரத்தக் குழாய்கள் விழித்திரை ஓரம் வரை ஓடிவிட்டன என்று சொல்லி, லேசர் இல்லாமலே வாராந்திரப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். அடுத்துக் காது கேட்கும் பரிசோதனையும், சில மாதம் கழித்து ஒரு கண் பரிசோதனையும் இருக்கின்றன. கண்ணாடி தேவைப்படுமா என்று அதில் தெரியும். அதற்கு வரும்போதும் இந்த வீட்டில்தான் தங்குவோம், அந்த அம்மாவிடம் சொல்லி வைத்தாயிற்று. அறை தேடுகிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் புரோக்கர்களை நம்பாமல், உங்களுக்கு முன்பே குழந்தையைச் சேர்த்திருக்கும் தாய்மார்களிடம் கேளுங்கள். எந்த வீட்டில் கீழ்த்தளம், எந்த வீட்டில் ஃப்ரிட்ஜ், எந்த வீட்டில் ராத்திரி கேட் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.